இடது இறக்கையை ஏன் வெட்டச் சொன்னேன்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி போன் செய்தார். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளிடம் இதை ஏன் கேட்கிறார் என்றுதான் முதலில் யோசித்தேன். எங்கேயோ ஓர் இறக்கை உடைந்திருக்க வேண்டும், அதை உங்களிடம் நேரடியாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, என்னை விட்டுச் சொல்ல வைக்கிறார் என்று தோன்றியது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னதே எனக்கு இடித்தது.

என் புத்தி அப்படி. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் புடவை எடுத்தால் கடைக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். பாசார் சந்தையில் மீன்காரர் "இன்னைக்குப் பிடிச்சது அக்கா" என்று சொன்னால் செவுளைத் தூக்காமல் விடமாட்டேன். பாவமன்னிப்பு கொடுத்த சாமியாரிடமே ரசீது கேட்கக்கூடியவள் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பட்டறையிலும் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ரீத்தா அக்கா கிட்ட வந்தால் பசைக்கே வேர்க்குமாம். சொன்னது யார் என்றும் எனக்குத் தெரியும்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நெடுங்காலம் பொருளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்துவிட்டுத்தான் ஜெலுத்தோங்கில் இருக்கும் நம் பட்டறைக்கு வந்தேன். தொழிற்சாலையில் தப்பு என்றால் ஒரு வானொலி பாடாது, அவ்வளவுதான். இங்கே நாம் செய்வது தரையில் நின்று ரேடியோவில் ஓட்டும் பெரிய விமானம். பொம்மை என்று பேர், ஆனால் பெட்ரோல் எஞ்சின் போட்டு நிறுத்துப் பார்த்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் எடை இருக்கும். அது ஆட்கள் நிற்கும் திடலுக்கு மேலே பறக்கிறது. உங்களுக்கு இது தெரியும் என்று சொல்வீர்கள். தெரியும் என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் அதிகம்.

பசை, பால்சா என்கிற லேசான மரம், வெட்டும் முறை, இதெல்லாம் பட்டறையில் கற்றுக் கொடுப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் நான் சொல்லப் போவது புரியாது. இறக்கையின் நீளத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மரச்சட்டங்கள் ஓடுகின்றன. அவை ஸ்பார். அந்த இரண்டுக்கும் நடுவில் மெல்லிய பால்சா தகடுகளை நிற்க வைத்து, மேல் சட்டத்தோடும் கீழ்ச் சட்டத்தோடும் ஒட்டுகிறோம். அவைதான் வெப். பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், ஊதினால் பறந்துவிடும். ஆனால் வெப் இல்லாவிட்டால் இரண்டு ஸ்பாரும் தனித்தனிக் குச்சிகள், முதல் திருப்பத்திலேயே இறக்கை மடங்கிவிடும். இதற்கெல்லாம் மேலே மெல்லிய பலகையைத் தோல்போல் ஒட்டி மூடிவிடுவோம். மூடிய பிறகு உள்ளே வெப் இருக்கிறதா இல்லையா என்று கடவுளுக்கும் கட்டினவனுக்கும்தான் தெரியும்.

அதனால்தான் நம் பட்டறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. இறக்கையை மூடுவதற்கு முன்னால், அதைக் கட்டாத இன்னோர் ஆள் உள்ளே கை விட்டு ஒவ்வொரு வெப்பையும் விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது. நான் இருந்த காலத்தில் பெரும்பாலும் அந்தக் கை என்னுடையது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நம் பட்டறைக்கு ஒரு பல் டாக்டர் வாடிக்கையாளராக இருந்தார். பட்டறையில் பாதிப் பேருக்கு அவர்தான் பல் பார்த்தார். வரும்போதெல்லாம் கை நிறையப் பலகாரம் வாங்கி வருவார், எல்லாரிடமும் பேர் சொல்லிப் பேசுவார். நல்ல மனிதர். அவர் ஒரு பழைய காலப் பயிற்சி விமானத்தின் மாதிரியைச் செய்யச் சொல்லியிருந்தார். இறக்கை இரண்டு பாதி, ஒவ்வொன்றும் என் உயரத்தைவிட நீளம். நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்கு விமானம் காட்டும் நாள் வைத்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாக வருவார்கள், கூடாரம் போட்டு மீ கோரெங்கும் ஐஸ் கச்சாங்கும் விற்பார்கள். அன்றைக்கு முதல் விமானமாக அவருடையது ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

இறக்கையைக் கட்டியவன் குணா. நாற்பது வயதுக்காரன். மரத்தில் அவனைப்போல் கை ஓடும் ஆளை நான் பார்த்ததில்லை, ஆனால் அவசரக்காரன். அதற்கு முன்பே சில மாதங்களாக அவன் வேலையைப் பற்றிப் புகார்கள் வந்திருந்தன. இன்னொன்று வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவன் மனைவிக்கு அப்போதுதான் தொழிற்சாலை வேலை போயிருந்தது. அவன் ஒருத்தன் சம்பளத்தில் வீடு ஓடியது.

அந்த இறக்கை மூடும் கட்டத்துக்கு வந்தபோது நான் கண் ஆபரேஷனுக்காக லீவில் இருந்தேன். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. குணா வருஷா வருஷம் தண்ணீர்மலையில் காவடி எடுப்பவன், லீவு எடுப்பதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று இருந்தான். கறுப்புக் கண்ணாடியோடு நான் திரும்பி வந்தபோது இரண்டு பாதியும் தோல் ஒட்டி, தேய்த்து, வழுவழுவென்று மேசைமேல் கிடந்தன.

"யாருப்பா உள்ள கை விட்டுப் பார்த்தது?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லக்கா. எல்லாரும் லீவு," என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

முதலாளியிடம் போனேன். "நம்ம குணா தானே லா," என்றார். நம்ம ஆள் என்பது பசை இல்லை என்று சொன்னேன். சிரித்தார். மறுநாளே டாக்டர் வந்து, பெயிண்டை நானே அடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி, தஞ்சோங் பூங்காவில் இருக்கும் தன் வீட்டுக்கு இரண்டு பாதியையும் கொண்டு போய்விட்டார். ஒரு மாதத்துக்கு மேல் அவரிடம் இருந்தது. அந்த ஒரு மாதமும் குணா என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே போனான். நானும் அதைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன்.

காட்சிக்கு முந்திய வெள்ளிக்கிழமை டாக்டர் இறக்கைகளைக் கொண்டு வந்து இறக்கினார். பெயிண்டைப் பார்த்துப் பட்டறையே கூடிவிட்டது. வெண்ணெய் நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு, ஓர் இடத்தில்கூடத் தூரிகை அடையாளம் இல்லை. பல்லில் வேலை செய்கிறவர் கை என்றால் சும்மாவா என்று எல்லாரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். பாராட்டிவிட்டு, வலது இறக்கையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார்த்தேன். கதவைப் பிடித்து முறுக்கினது மாதிரி இருந்தது, அசையவில்லை. இடது இறக்கையை முறுக்கினேன். கொஞ்சம் வளைந்து கொடுத்தது.

கொஞ்சம்தான். மறுபடி முறுக்கினேன். மறுபடி கொடுத்தது. விரல் முட்டியால் நுனியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஓர் இடத்தில் சத்தம் தகரம்போல் மாறியது.

"அக்கா, பெயிண்ட் இன்னும் காயல, கை பட்டுரும்," என்றார் டாக்டர். பின்னால் வந்து நின்றிருந்தார். பெயிண்ட் காய்ந்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது, அது என் மூக்குக்கே தெரிந்தது. ஆசைப்பட்டு அடித்தவர் இப்படித்தான் பதறுவார் என்று அப்போதைக்கு விட்டுவிட்டேன். விட்டேனே தவிர மறக்கவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டேன். அவரும் முறுக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது, உடனே சரிப்படுத்திக்கொண்டார்.

"ஈரம் லா, அக்கா. மழை நாளு. மரம் கொஞ்சம் இளகும்."

"மழை இடது பக்கம் மட்டும் பெஞ்சுச்சா?" என்று கேட்டேன்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார், "நான் பெயிண்ட் அடிச்சதோட சரி. கோளாறுன்னா கட்டினப்பவே இருந்திருக்கணும்."

அவர் அதைக் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொல்லி முடித்ததும் எல்லாருடைய கண்ணும் குணாவிடம் போனது. அவன் நகத்தில் ஒட்டியிருந்த காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தப்புச் செய்யாதவன் சத்தம் போடுவான் என்பது என் கணக்கு. அவன் சத்தம் போடாததைப் பார்த்தபோது, மூடினது இவன்தான், வெப்பை விட்டுவிட்டு மூடியிருக்கிறான் என்று எனக்கு முக்கால்வாசி நிச்சயம் ஆகிவிட்டது.

அப்போது முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, மூடுறதுக்கு முன்னாடி நீங்க உள்ள கை விட்டுப் பார்த்தீங்க தானே?"

நான் அப்போது லீவில் இருந்தது அவருக்குத் தெரியும். பழக்கூடையோடு வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனவரே அவர்தான். தெரிந்தே கேட்டார். நான் "ஆமாம்" என்று சொன்னால் போதும். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடும், முறுக்கினால் வளைவது ஈரத்தால்தான் என்று ஆகிவிடும், டாக்டரின் விமானம் ஞாயிற்றுக்கிழமை பறக்கும், பட்டறையின் பேர் நிற்கும், குணாவின் வேலையும் நிற்கும். முதலாளி, டாக்டர், குணா மூன்று பேருக்கும் அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. குணா முதல்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் பிள்ளைகள் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

நீங்கள் இந்த இடத்தில் நின்றால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நல்லவர்கள்தான் இந்த இடத்தில் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். ஒருத்தரைக் காப்பாற்றத்தானே சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் பிடித்திருந்தால் எனக்கு அந்தப் பதில்மேலேயே சந்தேகம் வந்துவிடும். அதுதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது, என் நேர்மை இல்லை.

"இல்ல. நான் பார்க்கல. யாருமே பார்க்கல," என்றேன்.

குணா மறுபடி குனிந்துகொண்டான். முதலாளி அவனைப் பார்த்து, "நான் உன்கிட்ட என்ன சொல்லியிருந்தேன்?" என்று ஆரம்பித்தார். அதற்குள் டாக்டர் குறுக்கே வந்தார்.

"விடுங்க, விடுங்க. சண்டை வேணாம். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் மெதுவா ஓட்டிக்கிறேன் லா. ஒரு ரவுண்டு போட்டு இறக்கிடுறேன்."

எல்லாரும் அவர் பெருந்தன்மையைப் பார்த்தார்கள். நான் வேறொன்றைப் பார்த்தேன். காசு கொடுத்துச் செய்யச் சொன்னவர், தன் இறக்கையில் கோளாறு என்று தெரிந்தால் கொதிக்க வேண்டும். செய்தவனை ஒரு பிடி பிடிக்க வேண்டும். நானாக இருந்தால் கடையே அதிரும். இவர் சமாதானம் பேசுகிறார். கோபப்பட வேண்டிய ஆள் கோபப்படவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். குணாவின்மேல் இருந்த முக்கால்வாசி சந்தேகம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி எங்கே போக வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"வெட்டிப் பார்த்துரலாம்," என்றேன்.

"பெயிண்ட் அடிச்ச இறக்கையையா?" என்றார் முதலாளி.

"வெட்டாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

பட்டறை சரி என்று சொல்லாமல் அந்தத் திடலில் பெரிய விமானத்தை ஏற்ற விடமாட்டார்கள். முதலாளி தானே சொல்லிக்கொள்ளலாம், என்னைத் தாண்டிப் போகலாம். அவர் டாக்டரைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், கடைசியில் கையை விரித்தார். இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை இருப்பது அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

கத்தியை நானே எடுத்தேன். குணாவிடம் கொடுத்தால் நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து வெட்டுவான் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. இறக்கையைக் கவிழ்த்து, விமானத்தின் உடம்போடு சேரும் பக்கத்தில், அடித்தோலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினேன். உள்ளே வெப் இருந்தது. மேலும் கீழும் பசை வழிந்து அழகாகக் காய்ந்திருந்தது. விரலால் தள்ளினேன். சுவர்போல் நின்றது.

குணா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. முதலாளி கைதட்டாத குறை. "போதும்க்கா. பார்த்தாச்சு, இருக்கு. மூடிரலாம். குணா, ஒரு துண்டு ஒட்டிரு, நாளைக்குப் பெயிண்ட் தொட்டுக்கலாம்."

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்ல வேண்டும். ஒரு ஜன்னலைத் திறந்து நல்லதைப் பார்த்தவுடன் எல்லாருக்கும் மனசு இளகிவிடும், போதும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நான் மறுபடி நுனியைப் பிடித்து முறுக்கினேன். அது இன்னும் கொடுத்தது. உள்ளே பார்த்ததும் கையில் தெரிந்ததும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பொருந்தாத வரைக்கும் எதுவும் முடியவில்லை.

தட்டும்போது தகரச் சத்தம் வந்த நடு இடத்தில் கத்தியை வைத்தேன்.

"அங்க வேணாம்க்கா," என்றார் டாக்டர். சத்தமே இல்லாமல் சொன்னார்.

அப்போதுதான் மீதிப் பாதிச் சந்தேகத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. நான் வெட்டினேன். பால்சாவில் கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும். இங்கே ஏதோ கெட்டியாக இடித்தது. பெயிண்டைச் சுரண்டினேன். அடியில் ஒரு நீளக் கோடு, இறக்கையின் பாதித் தூரத்துக்கு ஓடியது. தோலை வெட்டி எடுத்து, திரும்ப வைத்து, இழைத்து மறைத்த கோடு. அதை நெம்பியபோது ஒரு சில்லு பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. இளஞ்சிவப்பு நிறம்.

என் மேல்வரிசைப் பொய்ப்பல்லை டாக்டர்தான் கட்டிக் கொடுத்தார். அந்த ஈறின் நிறத்தை நான் தினமும் காலையில் கழுவுகிறேன். வேறு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தோலைப் பெரிதாகத் திறந்தேன். வெப் எல்லாம் வரிசையாக நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் அந்தக் கோடு ஓடிய நீளத்தில் ஒன்றுகூடக் கீழ் ஸ்பாரைத் தொடவில்லை. அடியில் ஒரு விரல் உயரத்துக்கு எல்லாம் அறுக்கப்பட்டிருந்தன. அறுத்த ஓரம் வளைவாக, வழுவழுப்பாக இருந்தது. நம் கத்தி அப்படி வெட்டாது. இடைவெளியில் அங்கங்கே பொய்ப்பல்லுக்கு ஈறு கட்டும் அந்த இளஞ்சிவப்புப் பசை உருட்டி அடைக்கப்பட்டிருந்தது. தள்ளினேன், உருண்டை கழன்று விழுந்தது. குணா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

டாக்டர் தானாகச் சொன்னார். நிஜ விமானத்தில் இடது இறக்கையில் தரையிறங்கும் விளக்கு ஒன்று உண்டாம். அதேபோல் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டு, பல் கடையும் மெஷினால் அடியில் திறந்து, ஒயர் போக வழி செய்திருக்கிறார். விளக்கைப் போட்டால் ரேடியோ தடுமாறியிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டார்.

"ஸ்பாரைத் தொடவே இல்லக்கா. அது முக்கியம்னு எனக்குத் தெரியும். இது உள்ள சும்மா நிக்கிற தகடு தானேன்னு நினைச்சேன். ஒயரையும் எடுத்துட்டேன். பல்லுல ஓட்டையை அடைச்சா மறுபடி அது பல்லுதான்."

"குணாவைக் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"இதுதான் காரணம்னு எனக்குத் தெரியாதுக்கா," என்றார். பாதி உண்மை என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

கதை இதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. டாக்டர் குணாவிடம் கேட்டார். "தம்பி, நாளைக்கு முழு நாள் இருக்கு. நீங்க நினைச்சா ஒட்டிரலாம்ல? எல்லாரையும் வரச் சொல்லிட்டேன் லா." முதலாளியும் குணாவைப் பார்த்தார். சற்று முன்னால் வேலையை விட்டு அனுப்பப் பார்த்த ஆளிடம் இப்போது உதவி கேட்டு நின்றார்கள். குணாவுக்கு முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவன் கை ஏற்கெனவே மரத்தை அளந்துகொண்டிருந்தது. முடியும் என்று சொல்லிவிடுவான் என்று பயந்தேன்.

"ஒட்டுறதுக்கு முன்னாடி, ஒட்டாம இருந்தா என்ன ஆகியிருக்கும்னு பார்த்துருவோம்," என்றேன்.

இறக்கையைக் கவிழ்த்தபடியே மேசை ஓரத்தில் பிடிபோட்டு இறுக்கினோம், நுனி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. விமானம் திரும்பும்போது காற்று கீழிருந்து தூக்குகிற பாரத்தை இப்படித்தான் மேலேயிருந்து வைத்துப் பார்ப்போம். பக்கத்து மளிகைக் கடையிலிருந்து சின்ன அரிசிப் பைகளை வாங்கி வந்து, குணா ஒவ்வொன்றாக இறக்கைமேல் பரப்பி வைத்தான். நன்றாகக் கட்டிய இறக்கை தாங்க வேண்டியதில் பாதிகூட வைக்கவில்லை. ஒரு பையை வைத்துவிட்டு அவன் கையை எடுத்தான். 'டப்' என்று ஒரு சத்தம். நடுவில் மடங்கி, அரிசிப் பைகள் எல்லாம் சரிந்து தரையில் விழுந்தன. ஒரு பை கிழிந்து அரிசி டாக்டரின் காலில் இருந்த சப்பாத்து வரைக்கும் ஓடியது.

டாக்டர் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூடாரங்களுக்கு மேலே தாழ்வாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதாக இருந்தேன் என்றார். அவர் பேத்தியும் அங்கே உட்கார்ந்திருப்பாளாம். அதற்குப் பிறகு அவர் ஒட்டுவதைப் பற்றிப் பேசவில்லை. போகும்போது குணாவின் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்க தம்பி," என்றார். அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. முதலாளி கிழியாத பைகளைத் தானே தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனார். குணாவிடம் அந்த எச்சரிக்கையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

நானும் குணாவும் அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்தோம். அவன் துடைப்பத்தை வேகவேகமாக இழுத்தான். கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன். இருந்தால் நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

"ஏன்க்கா, 'பார்த்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் கடைசியில். "என் வேலையே போயிருக்கும்."

"சொல்லியிருந்தா யாரும் கத்தியை எடுத்திருக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை இது மேல போயிருக்கும்."

"அது சரி. வெட்டினப்ப உள்ள என் வெப்பே இல்லாம இருந்திருந்தா?"

"அதையும் எல்லாருக்கும் காட்டியிருப்பேன்," என்றேன்.

அவன் கூட்டுவதை நிறுத்தினான். உடைந்த இடத்தில் தெரிந்த வெப் வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"விரதத்துல தலை சுத்திக்கிட்டே வேலை பார்த்தேன்க்கா. மூடினது எனக்குச் சரியா ஞாபகமே இல்ல. எல்லா வெப்பும் போட்டேனா, இல்லையான்னு ஒரு மாசமா எனக்கே தெரியாது," என்றான். "நீங்க லீவுல இருந்தது தெரிஞ்சும், பார்த்தேன்னு சொல்லியிருந்தா நானும் நம்பியிருப்பேன்."